ஒன்னாலயும் தன்னாலயும்

என் பாப்பாவுக்கு, ஸ்டெல்லா என்று ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தும் ஒரு நாள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத உன் அண்ணன் எழுதுகிறேன்.

மெசின் ஜில்லிட்டுப் போய்விட்டது பாப்பா. நான் நிறுத்தவில்லை, சத்தியமாக நான் இல்லை. போன வாரம் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா, "நைனா, ஓடியாடா. மெசின் ஜில்லுனு கீதுடா" என்று கத்தியது. வாயில் நுரையோடு ஓடினேன். மெசின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த விசிறிச் சத்தம் மட்டும் இல்லை. அம்மா இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. புதுவாயலில் உன்னைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்த அதே பார்வை.

இதை நம் சபைப் பத்திரிகையில் போடப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். 'இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்' என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

சிப்காட்டில் நீ வேலை பார்த்த கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டினார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதை நீ ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். சினிமா பார்க்கத்தான் என்று நினைத்தேன். நீ அதை ராவும் பகலும் ஓடவிட்டு ஒரே ஒரு நம்பரைப் போட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாய். "இன்னா நம்பருடி அது?" என்று கேட்டால், "பகா எண்ணானு பாத்துக்கினு கீறேன்ணா" என்றாய். உலகம் பூராவும் உன்னை மாதிரி பைத்தியங்கள் அவரவர் வீட்டு மெசினில் ஆளுக்கொரு நம்பரை நெட்டில் வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்களாம். யாருக்காவது சிக்கினால் அவர் பெயரும் அந்த நம்பரோடு நிற்குமாம்.

அம்மாவின் காதில் அந்த 'பகா' நுழையவே இல்லை. அது 'பக்கா' என்றே கேட்டுக்கொண்டது. "பாப்பா பக்கா நம்பர் தேடினுகீது" என்று குழாயடியில் சொல்லி, லாட்டரி நம்பராக்கும் என்று நாலு பேர் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். "எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லு கண்ணு" என்று ஒரு அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டதே. நீ சிரிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றாய்.

அப்புறம் அந்த ஜெபக் கூட்டம். விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றதும் அம்மா எழுந்து, "எம்பொண்ணுக்கு நம்பர் பக்காவா வரணும், எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. நம் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது என்பது பாஸ்டருக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு மனைப் பட்டா நம்பர் பக்காவா கிடைக்கட்டும்" என்று உருக ஆரம்பித்துவிட்டார். சபையே ஆமென் சொன்னது. நீ துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து குலுங்கினாய். அழுகிறாய் என்று நினைத்து யாரோ உன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாய். "ம்மா, இதுக்கெல்லாம் ஜெபம் வேணாம்மா. அது பகா எண்ணா இல்லியான்னு எப்பவோ முடிவாகிப்போச்சு. சாமியாலகூட மாத்த முடியாது. நாம தெரிஞ்சுக்கத்தான் இத்தினி பாடு."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "சாமியால ஆவாதுன்னு எங்கூட்ல நின்னுக்கினு சொல்லாத. வாயில அடிச்சிக்கோ" என்றது. நீ அடித்துக்கொண்டாய், சிரித்துக்கொண்டே.

எனக்கு நீ விளக்கிய நாள் இன்னும் மோசம். பகா எண் என்றால் என்ன என்று கேட்டேன். "ஒன்னாலயும் தன்னாலயும் மட்டும்தான்ணா வகுபடும்" என்றாய். நான் பதறிப்போய், "என்னாலயா? நான் இன்னா பண்ணேன்? நான் அத தொடவே இல்லியே!" என்றேன். மெசின் ஏதோ கெட்டுப்போய் என் மேல் பழி போடுகிறாய் என்று நினைத்தேன். 'ஒன்று' என்கிற நம்பரைச் சொல்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம் வாயில் ஒன்றால் என்பதும் ஒன்னால, உன்னால் என்பதும் ஒன்னால. நீ கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாய். அதிலிருந்து பால் பொங்கினாலும் "ஒன்னாலதான்ணா", கரண்ட் போனாலும் "ஒன்னாலதான்ணா". எவ்வளவு பேஜாரு பண்ணியிருக்கிறாய் என்னை.

உன் பிறந்த நாளுக்கு வாங்கிய கேக் ஞாபகம் இருக்கிறதா? வெட்டியதும் அந்த அட்டைப்பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு பேனாவை எடுத்தாய். "முப்பத்தொண்ணு ஆச்சுண்ணா எனக்கு. இந்த வருஷம் நானே பக்கா நம்பரு" என்றாய். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழிப்பதுதான் உன் நம்பர்களின் சாதி என்று சொன்னாய். மூன்று, ஏழு, முப்பத்தொன்று. "அடுத்த பக்கா வயசு நூத்தி இருபத்தேழு. அதுக்கு நான் இருக்க மாட்டேன்." அப்போது கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

மெசின் தேடுகிற நம்பரும் இதே சாதிதானாம், ஆனால் அதை அச்சடித்தால் ஒரு பீரோ நிறையப் புத்தகம் ஆகுமாம். அவ்வளவு பெரிய நம்பரை எதெதாலோ வகுத்துப் பார்த்து மாளாது. அதனால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது என்று முப்பத்தொன்றை வைத்தே காட்டினாய்.

"நாலுல ஆரம்பிண்ணா. நாலை நாலால பெருக்கி ரெண்ட கழி."

"பதினாலு."

"அத அதாலயே பெருக்கி ரெண்ட கழி."

நான் விழித்தேன். நீயே நூற்றுத் தொண்ணூற்று நாலு என்று எழுதினாய். "இப்ப முப்பத்தொண்ணால வகுத்து மீதிய மட்டும் எடு. ஒம் மில்லுல கம்பி வெட்டுனா கடசீல ஒரு துண்டு மிஞ்சுதுல்ல, அதான் மீதி."

அப்படிச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. தினமும் அந்த மிச்சத் துண்டுகளைத்தானே நான் பொறுக்கிப் போடுகிறேன். "எட்டு" என்றேன்.

"சூப்பர்ணா. எட்டெட்டு?"

"அறுபத்து நாலு. ரெண்டு போனா அறுபத்திரெண்டு. முப்பத்தொண்ணு ரெண்டு தபா... துண்டே மிஞ்சலியே!"

"அதான்ணா! துண்டு மிஞ்சாம பூஜ்யம் வந்தா பக்கா!"

நானும் நீயும் கையைத் தட்டிக்கொண்டதைப் பார்த்து, பரிசு விழுந்துவிட்டது என்று அம்மா ஸ்தோத்திரம் சொன்னது. பூஜ்யம் வராவிட்டால் என்ன என்று கேட்டேன். "அப்ப பகா எண் இல்ல, எதாலயோ வகுபடுதுன்னு அர்த்தம்" என்றாய். எதால் என்று கேட்டேன். "அத இந்தக் கணக்கு சொல்லாதுண்ணா. ஒடஞ்சிடுச்சின்னு மட்டும் சொல்லும், யாரு ஒடச்சாங்கன்னு சொல்லாது." இது என்ன கிறுக்குக் கணக்கு என்று நான் மீதிக் கேக்கைத் தின்னப் போய்விட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம். வழக்கம்போல நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போனாய். அம்மா மாவுப் பாத்திரத்தை மெசின் மேல் வைத்திருந்ததைப் பார்த்துச் சண்டை போட்டாய். சூட்டில் மாவு நன்றாகப் புளிக்கிறது என்பது அம்மாவின் கட்சி. "பொங்கி உள்ள ஊத்துச்சுனா என் நம்பர் போச்சும்மா" என்று இறக்கி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாய். புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாயாம். பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தாயாம். தூக்கம் போல என்று அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பஸ் வந்து எழுப்பும்போதுதான் நீ போய்விட்டது தெரிந்தது. சேதி கேட்டு நானும் அம்மாவும் அங்கே ஓடிவந்தோம்.

உனக்கு ஒரு வியாதியும் இல்லையே பாப்பா. ஒரு மாத்திரை போட்டுப் பார்த்ததில்லையே. உடம்பை அறுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நின்றிருக்கிறது என்று சொன்னார்கள். அது எங்களுக்கும் தெரியும். அம்மா அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எதனால சாமி?" என்று கேட்டது. அவர் நல்ல மனுஷர்தான், கையை உதறவில்லை. "எல்லா டெஸ்டும் பாத்துட்டோம்மா. சில பேருக்கு எதனாலன்னு தெரியறதே இல்ல" என்றார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால் மூலையில் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விர்ர்ர் என்று, ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்கு அதை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. சுவிட்சில் கை வைத்துவிட்டேன். அம்மா பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டது. "எம்பொண்ணு போட்ட கணக்குடா. பாதில நிறுத்துனா நான் செத்துருவேன்." மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு மெசினுமாக மிஞ்சினோம்.

அப்புறம் ஒரு மதியம் கரண்ட் போய் அது நின்றபோது அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. இரண்டாம் முறை செத்துப்போய்விட்டாய் என்று அழுதது. உன்னோடு வேலை பார்த்த பர்வீன்தான் கேள்விப்பட்டு ஓடிவந்து விளக்கினாள். விட்ட இடத்தை அது எழுதி வைத்துக்கொள்ளுமாம், கரண்ட் வந்ததும் அங்கேயிருந்து பிடித்துக்கொள்ளுமாம். கரண்ட் வந்தது, பிடித்துக்கொண்டது. அம்மா அதன் தலையைத் தடவி, "வந்துட்டியா" என்றது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு. நம்பர் பக்காவாக வரும், பாப்பா பேர் உலகம் பூராவும் நிற்கும், கர்த்தர் பிள்ளையை எடுத்ததற்கு இதையாவது கொடுப்பார். மாவுப் பாத்திரம் அதன் பக்கத்திலேயே போகவில்லை. பூ வைக்கவில்லை, படம் மாட்டவில்லை, துடைத்துத் துடைத்து வைத்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "இன்னா, முடிஞ்சுதா?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். பாஸ்டருக்கும் விஷயம் புரிந்து, இந்த முறை சரியான நம்பருக்கே ஜெபம் செய்தார். எனக்குத்தான் பயம். லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது என்று நீதானே சொன்னாய். அது முடியவே வேண்டாம், இப்படியே ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் மில்லில் சாப்பாட்டு நேரம். காலி அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. சாக்பீஸை எடுத்து நாலில் ஆரம்பித்தேன். பதினாலு. எட்டு. அப்புறம் துண்டு மிஞ்சவில்லை. நீ பக்கத்தில் இல்லாமல் தனியாக முதல் தடவை போட்டேன், பூஜ்யம் வந்தது. கையைத் தட்டத் திரும்பினேன் பாப்பா. அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வாய்விட்டு அழுதேன். என்னடா ஆச்சு என்று கேட்டவர்களிடம் முப்பத்தொன்று என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் இது ஜில்லிட்டுப் போனது. பர்வீனுக்குப் போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "முடிஞ்சிடுச்சுண்ணா. எப்பவும் அவ போன்ல இருந்துதான் நெட் வரும். அது இல்லாததால அடுத்த நம்பர வாங்கத் தெரியாம சும்மா நிக்குது." முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது. திரையில் கடைசியாக ஒரு மீதியை எழுதி வைத்திருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து என்னவோ ஒன்று. பூஜ்யம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. பக்கா என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? தெருவே கும்மாளம் போடும். அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடும். பர்வீனிடம்கூட, "ஆமான்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேவிட்டேன். அவள் உன் நாற்காலியைப் பார்த்தாள். எனக்கு உன் குரல்தான் கேட்டது. 'இருக்கறத சொன்னாத்தான்ணா அது கணக்கு.' ஏன் பாப்பா அப்படியெல்லாம் சொல்லிவிட்டுப் போனாய்?

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. "பக்காவாடா?"

"இல்லம்மா."

முந்தானையில் கையை மறுபடி துடைத்தது. அப்புறம், "வகுபடுதா?" என்றது. அந்த வார்த்தையை அம்மா எப்போது கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியாது.

"வகுபடுதும்மா."

"எதால?"

"தெரியாதும்மா. எதாலயோ. அத இந்தக் கணக்கு சொல்லாதாம்."

அம்மா மெசின் மேல் கையை வைத்தது. "டாக்டரும் அதத்தாண்டா சொன்னாரு" என்றது.

அடக்கத்தன்று அழாத அழுகையெல்லாம் அம்மா அன்றைக்கு அழுதது. பர்வீன் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். நீ பிறப்பதற்கு முன்னாலேயே இது முடிவாகிவிட்டதா பாப்பா, உன் நம்பர் மாதிரி? நாங்கள்தான் தெரிந்துகொள்ளாமல் உனக்குக் கேக் வெட்டினோமா?

அழுது ஓய்ந்ததும் அம்மாவே கேட்டது, "அப்ப இத்தினி நாளு ஓடுனது வேஸ்ட்டா?"

இல்லை என்றாள் பர்வீன். நம்பர் கொடுக்கிறவர்கள், ஒருவர் போட்ட கணக்கை அப்படியே நம்பிவிட மாட்டார்களாம். ஸ்டெல்லாவின் மீதியை அனுப்பினால் அதை ரகசியமாக வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு ஊரில் வேறொருவர் மெசினில் அதே நம்பரை நாலில் இருந்து மறுபடி போடச் சொல்வார்களாம். அங்கேயும் இதே மீதி வந்தால்தான் ஒப்புக்கொள்வார்களாம். அப்புறம் அந்த நம்பர் பகா எண்ணா என்று யாரும் இனிமேல் போட்டுப் பார்க்க வேண்டியதில்லையாம்.

"எவனோ ஒருத்தன் உக்காந்து எம்பொண்ணு போட்டத மறுக்காப் போட்டுப் பாப்பானா?"

"ஆமாம்மா."

"ரைட்டுன்னு வருமா?"

"அவ போட்டா தப்பாவாம்மா வரும்?" என்று சொல்லும்போதே பர்வீனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"அப்ப அனுப்பு" என்றது அம்மா.

அவள் தன் போனிலிருந்து நெட் கொடுத்து அனுப்பினாள். அடுத்த நம்பர் வேண்டுமா, வேண்டுமென்றால் யார் பெயரில் என்று என்னைக் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "எதுக்கு மாத்தணும்? பாப்பா பேர்லயே கேளு" என்றது. புது நம்பர் வந்தது. விசிறி விர்ர்ர் என்று பிடித்துக்கொண்டது. அம்மா கையை எடுக்காமல் நின்று, "சூடு வந்துடுச்சு நைனா" என்றது. மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், மெசின் தலைமேல் மாவுப் பாத்திரம். நீ வந்து இறக்கிவைத்துச் சண்டை போடுவாய் என்று நானும் அதைத் தொடவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டவில்லை. கேக் வாங்கவில்லை. நானும் எவ்வளவோ பார்த்தவன்தான் பாப்பா. அப்பா போனபோது கல்லு மாதிரி நின்றேன். மில்லில் கம்பி கையைக் கிழித்தபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இவனை எதுவும் அசைக்காது என்று ஊரே சொல்லும். உன் அண்ணனும் ஒரு பக்கா நம்பர்தான் போலிருக்கிறது. ஒன்னாலதான் உடைந்தேன்.

அந்த யாரோ ஒருவர் கணக்கைப் போட்டு முடித்ததாகச் சேதி வந்ததும் உன் கல்லறைக்கு வந்து சொல்வேன். ரைட் என்றாலும் சொல்வேன், தப்பு என்றாலும் அப்படியே சொல்வேன். உன்னிடம் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
முப்பத்தொன்றைத் தனியாகப் போடக் கற்றுக்கொண்ட
உன் அண்ணன்